புகார் வரவில்லை என்றால் குறை இல்லை என்றாகிவிடுமா?

பெரிய சங்கிலிக் கடை ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் எனக்கு இருக்கிறார். மரியாதையான மனிதர், வேலையிலும் நேர்மையானவர் என்றுதான் கேள்வி. உங்களைப் போன்ற கடைகள் சிறு உற்பத்தியாளர்களைப் பிழிந்தெடுக்கின்றன என்று யாராவது ஆரம்பித்தால் அவர் கோபப்படுவதில்லை. நிதானமாக ஒன்றைக் கேட்பார். "யாரையாவது கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தோமா? எல்லாரும் ஒப்பந்தத்தைப் படிச்சு, கையெழுத்துப் போட்டுத்தான் வந்தாங்க. சரி, இத்தனை வருஷத்துல எங்க மேல புகார்னு எத்தனை பேர் வந்திருக்காங்க, நீங்களே சொல்லுங்க." பேச்சு அத்தோடு வேறு பக்கம் போய்விடும். எனக்கு மட்டும் அது போகாது. கேள்வியில் நியாயம் இருப்பது போலவும் இருக்கும், எங்கேயோ ஒரு முடிச்சு இருப்பது போலவும் இருக்கும். புகார் கொடுக்க ஆளே இல்லாத இடத்தில் குறை இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

நான் சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். அதனால் இந்த விவகாரம் எனக்குப் பொருளாதாரமாக வருவதற்கு முன்னால் காகிதமாக வந்துவிடுகிறது. சங்கிலிக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிற யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கொள்முதல் விலை குறைவு என்று புலம்புவார்கள் என்று எதிர்பார்ப்போம். விலையைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள், விலை பேரம் பேசித் தீர்ந்த விஷயம். அவர்கள் பேசுவது பிடித்தத்தைப் பற்றித்தான்.

பிடித்தம் என்ற பக்கம்

என்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களில் ஒருவர் சோப்பும் ஷாம்புவும் தயாரிக்கிறார். சின்னப் பட்டறை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஒரு பெரிய சங்கிலிக்குச் சரக்குப் போட ஆரம்பித்த பிறகு விற்பனை மளமளவென்று ஏறியது, வங்கியில் இருக்கும் பணம் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஏன் என்று பார்ப்பது என் வேலை. கடையிலிருந்து பணம் வரும்போது கூடவே ஒரு பட்டியல் வரும். முதல் பக்கத்தில் பில் எண், தேதி, தொகை, எல்லாம் சரியாக இருக்கும். அப்புறம் பிடித்தங்கள் தொடங்கும். விளம்பரப் பங்களிப்பு என்று ஒரு வரி. புதிய கிளை திறப்புக்கு ஆதரவு என்று ஒரு வரி. கிளை திறந்ததே அந்த வரியைப் பார்த்துத்தான் இவருக்குத் தெரியும். சேதாரம் என்று ஒரு சதவீதம், சரக்கு சேதமானாலும் ஆகாவிட்டாலும் மாதாமாதம் அதே சதவீதம். கண்ணுக்கு நேரான தட்டில் வைத்ததற்கு டிஸ்ப்ளே கட்டணம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டால் அந்த இலவசத்தை யார் தருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடை தருவதாகத்தான் வாங்குகிறவர் நினைப்பார், பட்டியலில் அது சோப்புக்காரர் தலையில் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் டெபிட் நோட் உண்டு, அதாவது இவ்வளவு கழித்திருக்கிறோம் என்று கடை எழுதித் தரும் சீட்டு, அதற்கு எண் உண்டு, ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு உட்பிரிவும் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தொகை இல்லை. கூட்டிப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

இவற்றில் ஒரு வரி மட்டும் எந்த உட்பிரிவுக்கும் அடங்காதது. சரக்குக் குறைவு என்று போட்டு ஒரு தொகையைக் கழித்திருந்தார்கள், அதாவது பில்லில் இருக்கும் பெட்டிகள் முழுதாக வந்து சேரவில்லையாம். ஆனால் இறக்கிய அன்றே அவர்களுடைய கிடங்கில் முழு எண்ணிக்கைக்கும் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரசீது எங்கள் கோப்பில் பத்திரமாக இருந்தது. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடச் சுலபமான வேலை அமையாது. ஒரு கடிதம் தயார் செய்தேன். குற்றம் சாட்டும் தொனியே இல்லை. கவனக்குறைவாக நேர்ந்திருக்கலாம், ரசீது நகல் இணைத்திருக்கிறோம், சரிபார்த்துத் திருப்பித் தரவும் என்று நாலு வரி. அவரிடம் படித்துக் காட்டினேன்.

"அனுப்ப வேணாம் அண்ணா."

"முத்திரை குத்தின ரசீதே கையில இருக்கேம்மா. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"அது இருக்கறதாலதான் வேணாங்கறேன். ஆதாரம் இல்லாம கேட்டா, ஏதோ தெரியாம கேக்கறாங்கன்னு விட்டுடுவாங்க. ஆதாரத்தோட கேட்டா அந்தப் பையன் அவன் மேலதிகாரிக்குப் பதில் சொல்லணும். அடுத்த வாரம் எனக்கு ஆர்டர் போடறதும் அதே பையன்தான்."

இந்தப் பதிலை நான் வெகுநாள் மென்றுகொண்டிருந்தேன். நம் பக்கம் நியாயம் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் இது என்ன கணக்கு? அவரை யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூட ஒரு வகையில் தேவலை, மிரட்டல் என்றால் ஒரு தொலைபேசி அழைப்போ ஒரு மின்னஞ்சலோ இருந்திருக்கும், அதைக் காட்டலாம். இங்கே காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பையன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் திரையில் ஆர்டர் அளவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் வழக்கமாக அடிக்கும் எண்ணைவிடக் கொஞ்சம் குறைத்து அடித்தால் போதும். சோப்பைக் கண் மட்டத் தட்டிலிருந்து கால் மட்டத் தட்டுக்கு இறக்கினால் போதும், தானாகவே விற்பனை படுத்துவிடும், அடுத்த பரிசீலனையில் 'இந்தச் சரக்கு ஓடவில்லை' என்று எழுதி எடுத்துவிடலாம். கேட்டால் வாடிக்கையாளர் வாங்கவில்லை என்பார்கள், கணினியும் அதைத்தான் சொல்லும். பழிவாங்கல் என்று எந்த நீதிபதி முன்னாலும் நிரூபிக்க முடியாது. ஒருவேளை அது பழிவாங்கலாகவே இல்லாமலும் இருக்கலாம், உண்மையிலேயே ஓடவில்லையோ என்னவோ. தெரிந்துகொள்ளவே வழியில்லை என்பதுதான் சங்கடம். அப்படி இருக்கையில் ஒரு பிடித்தத்துக்காக மொத்தத்தையும் பணயம் வைக்கச் சொல்ல நான் யார்? கடிதத்தைக் கோப்பிலேயே வைத்துவிட்டேன். கடைக்காரர்களின் கணக்கில் அந்த மாதமும் புகார் எதுவும் இல்லாத மாதம்தான்.

8 சதவீதம் போதும்

ஏகபோகம் என்றால் நமக்கு மனத்தில் வருவது சந்தை முழுவதையும் ஒருவரே வளைத்துப்போடுவது. விற்கிற இடத்தில் அது சரியாக இருக்கலாம். வாங்குகிற இடத்தில் கணக்கு வேறு. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனின் போட்டி ஆணையம் சூப்பர் மார்க்கெட்டுகளைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை கொடுத்தது. மறுவிற்பனைக்கான மளிகைக் கொள்முதலில் 8 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் கடைக்கே சப்ளையரை ஆட்டிவைக்கும் பலம் வந்துவிடுகிறது என்று அதில் சொன்னார்கள். டெஸ்கோ, செயின்ஸ்பரி, அஸ்டா, சேஃப்வே, சாமர்ஃபீல்ட் என்று 5 சங்கிலிகள் அந்த வரம்புக்கு மேலே இருந்தன. 8 சதவீதம் என்றவுடன் இவ்வளவுதானா என்று தோன்றும். சோப்புக்காரரின் கணக்கை வைத்துப் பார்த்தால் தோன்றாது. அவருடைய மொத்த விற்பனையில் அந்த ஒரு கடை பெரும்பங்கு. அந்தக் கடையின் மொத்த விற்பனையில் இவர் தசம புள்ளிக்குப் பிறகு எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்று தேடத்தான் வேண்டும். நாளைக்கு இருவரும் பிரிந்தால் கடையில் ஒரு தட்டு காலியாகும், அதுவும் சாயங்காலத்துக்குள் வேறு சோப்பு வந்து நிறைந்துவிடும். இங்கே பட்டறை வாடகை, ஆள் சம்பளம், மூலப்பொருள் கடன், அந்தக் கடையின் அளவுக்கென்றே வாங்கிப்போட்ட எந்திரத்தின் தவணை எல்லாம் அப்படியே நிற்கும். சிறு தொழிலில் லாபம் என்பதே கடைசிப் பத்துப் பதினைந்து சதவீத விற்பனையில்தான் இருக்கிறது, முன்னால் வருவதெல்லாம் செலவுக்குச் சரியாகப் போய்விடும். அதனால் சந்தையை முழுக்கப் பிடிக்கவே வேண்டாம், எதிராளியின் கடைசிப் பதினைந்து சதவீதத்தைப் பிடித்தால் போதும்.

கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார்கள் என்ற வாதம் இங்கேதான் தடுக்கி விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கையெழுத்துப் போட்ட அன்று அவருக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதி உண்மையிலேயே இருந்தது. எந்திரம் வாங்கிய பிறகு, பழைய சின்ன வாடிக்கையாளர்களை நேரமில்லாமல் கைவிட்ட பிறகு, அந்த வசதி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது. புதிய பிடித்தங்கள் வருவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான்.

பெயர் சொல்லாத சாட்சிகள்

அந்த 2000ஆம் ஆண்டு அறிக்கையில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் இன்னொன்று. விசாரணைக்கு வந்த சப்ளையர்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, எந்தக் கடை என்று சொல்லவும் தயங்கினார்கள். ஆணையமே வேறு வழியில்லாமல் கேள்விப்பட்ட நடைமுறைகளை எல்லாம் பெயரில்லாமல் தொகுத்து, 52 குற்றச்சாட்டுகள் கொண்ட பட்டியலாக ஆக்கி, இவற்றில் எதையெல்லாம் செய்கிறீர்கள் என்று கடைகளிடமே கேட்டது. அதில் பெரும்பாலானவற்றைப் பல கடைகள் செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. கடைசியில் 27 நடைமுறைகள் பொதுநலனுக்கு எதிரானவை என்று முடிவு செய்தார்கள். ஒரு சாட்சியின் பெயர்கூட வெளியே வராமல் கிடைத்த முடிவு இது. யோசித்துப் பார்த்தால் இவ்வளவு பெரிய விசாரணைக்கு வழி திறந்ததே, யாராவது எழுந்து நின்று பேசட்டும் என்று காத்திருக்காமல் கடைகளையே நேராகக் கேட்டதுதான்.

ஆனால் அதற்கப்புறம் கொண்டுவந்த மருந்து பழைய மருந்து. 2002இல் நடத்தை விதிகள் வந்தன, தகராறு இருந்தால் கடையோடு பேசி, தீராவிட்டால் மத்தியஸ்தரிடம் போகலாம் என்றார்கள். யாரும் போகவில்லை. 2004இல் விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பரிசீலித்தபோது சப்ளையர்கள் சொன்ன காரணம் பயம். இன்னொரு சுற்று விசாரணை 2008இல் முடிந்து, 2010இல் கடுமையான விதிகள் வந்து, அவற்றைக் கண்காணிக்க 2013இல் ஒரு தனி அதிகாரியை நியமிக்க மொத்தமாகப் பதின்மூன்று வருடம் ஆகியிருக்கிறது. முதல் அதிகாரி கிறிஸ்டின் டேக்கன். புகார் சொல்பவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. எந்த வழியில் தகவல் வந்தாலும் சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அவரே விசாரணையைத் தொடங்கலாம்.

அப்படி நடந்த முதல் விசாரணை டெஸ்கோ மீது. 2016 ஜனவரியில் அறிக்கை வந்தது. சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை வேண்டுமென்றே தாமதித்திருக்கிறார்கள், தங்கள் லாபக் கணக்கை அழகாகக் காட்டுவதற்காக. ஒரு சப்ளையருக்கு விலை மாற்றத்தைக் கணினியில் தவறாக ஏற்றியதால் பல மில்லியன் பவுண்டு பாக்கி சேர்ந்திருந்தது. தவறு என்று கண்டுபிடித்த பிறகும் பணம் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பல மில்லியன் பாக்கி வைக்கிற அளவுக்குப் பெரிய சப்ளையருக்கே இந்தக் கதி. அபராதம் விதிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த அதிகாரம் சட்டத்தில் வந்து சேர்ந்ததே 2015இல், தவறு நடந்தது அதற்கு முன்னால். இது கையாலாகாத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். அந்த அலுவலகம் ஆண்டுதோறும் சப்ளையர்களிடம் பெயர் வெளிவராமல் கருத்துக் கேட்கிறது. 2014இல் விதிமீறலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 79 சதவீதம், 2021இல் அது 29 சதவீதம். அபராதம் இல்லாமலேயே இவ்வளவு இறங்கியிருக்கிறது. பார்க்க ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்திருக்கிறது என்பது என் ஊகம். மீதிப் பாதி நடக்கவில்லை என்பதும் தெரிகிறது. 2025 ஜூனில் அமேசானின் மளிகை வியாபாரத்தின் மீது, மறுபடியும் பணத் தாமதத்துக்காகத்தான், விசாரணை தொடங்கியிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியக் கதை இன்னும் அப்பட்டமானது. கோல்ஸ் என்ற சங்கிலி, ஒரு சப்ளையரின் சரக்கில் தான் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்றால் அந்த வித்தியாசத்தைச் சப்ளையரே கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை. விற்பது நீ, விலை வைப்பது நீ, தள்ளுபடி கொடுப்பதும் நீ, லாபம் குறைந்தால் மட்டும் நான் கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்க முடியாதவர்களிடம்தான் இது நடந்தது. இதற்கும் வேறு சில வசூல்களுக்கும் சேர்த்து 2014 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. தெரியாமல் நேர்ந்த தவறு இல்லை, வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்தது என்ற பொருளில் நீதிபதி கடுமையாகவே எழுதினார். கோல்ஸும் ஒத்துக்கொண்டது, பிறகு 1.2 கோடி டாலருக்கு மேல் சப்ளையர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. இந்த வழக்கு நிற்கக் காரணம், அந்த நாட்டில் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் ஒழுங்காணையம் சப்ளையர்களிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டு, ஆவணங்களைக் கட்டாயமாக வாங்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தியதுதான். இதற்குப் பிறகும் அங்கே 2015இல் வந்த விதிகள் விரும்பினால் சேரலாம் என்ற ரகம். 2024இல் முன்னாள் அமைச்சர் கிரெய்க் எமர்சன் அவற்றைப் பரிசீலித்தபோது மறுபடியும் அதே பல்லவி: பழிவாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் விதிகள் கட்டாயமாகியிருக்கின்றன, பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க ஏற்பாடும் வந்திருக்கிறது.

இரண்டு நாட்டிலும் கால் நூற்றாண்டாக வந்த ஒவ்வொரு அறிக்கையும் மௌனத்தைத்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு புகார்ப் பெட்டியைத்தான் மாட்டினார்கள்.

பெரியவர்கள் மட்டும் சத்தம் போடலாம்

மௌனத்துக்கும் அளவுக்கும் உள்ள சம்பந்தம் புரிய வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் பிரான்சின் பெரிய கடைச் சங்கிலியான காரஃபூர், பெப்சிகோ விலையை ஏற்றுகிறது என்று சொல்லி அதன் பொருட்களைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் பார்க்கும்படி அறிவிப்பு மாட்டியது. பெப்சிகோவும் சும்மா இருக்கவில்லை, நாங்களேதான் சரக்கை நிறுத்தினோம் என்றது. ஏப்ரலில் சமாதானமாகி எல்லாம் பழையபடி தட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு யானைகள் முட்டிக்கொண்டால் ஊருக்கே கேட்கிறது, அதில் யாரும் செத்துப்போவதும் இல்லை. பெரிய கடைகளின் பலத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த மாதிரிச் சண்டையைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். 1950களில் பொருளாதார அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த் சொன்ன வாதம் இது: பெரிய உற்பத்தியாளனின் பலத்துக்கு மாற்றாகப் பெரிய கடை எழுந்து நிற்கும், அதனால் கடைசியில் வாங்குகிறவருக்கு விலை குறையும். பன்னாட்டு நிறுவனத்தோடு மோதும்போது இது நன்றாகவே பொருந்துகிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் பெரிய கடையின் விலை பெரிய நிம்மதி, அதை நானும் அனுபவிக்கிறேன், இதில் பாசாங்கு எதற்கு. ஆனால் பெப்சிகோவோடு சண்டை போடுவதற்காகச் செதுக்கிய அதே ஒப்பந்தப் படிவம்தான் சோப்புக்காரரின் மேசைக்கும் வருகிறது. பெப்சிகோவிடம் அதைப் படித்துத் திருப்பி அனுப்ப ஒரு வழக்கறிஞர் பட்டாளம் இருக்கிறது. இவரிடம் நான் இருக்கிறேன்.

சில சமயம் பெரிய உற்பத்தியாளரும் பெரிய கடையும் ஒரே பக்கம் நின்றுவிடுவதும் உண்டு, அது சிறியவருக்கு இன்னும் மோசம். ஒரு பிரிவில் தட்டை எப்படி அடுக்குவது என்ற யோசனையைக் கடைகள் அந்தப் பிரிவிலேயே பெரிய சப்ளையரிடம் ஒப்படைப்பது பல நாடுகளில் வழக்கம். போட்டியாளனின் சரக்கை எங்கே வைப்பது என்று சொல்லும் வேலை போட்டியாளன் கையில். அமெரிக்காவில் யுனைட்டட் ஸ்டேட்ஸ் டொபாக்கோ என்ற புகையிலை நிறுவனம் இந்த நிலையைப் பயன்படுத்தி, கான்வுட் என்ற சிறிய போட்டியாளரின் அடுக்குகளைக் கடைகளிலிருந்து பிடுங்கி எறிந்தது வழக்கானது. 2000இல் நடுவர் குழு கொடுத்த நஷ்ட ஈடு சட்டப்படி மூன்று மடங்காகி 105 கோடி டாலரில் போய் நின்றது, 2002இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. கான்வுட் வழக்குப் போட்டதற்குக் காரணம், வழக்குப் போடுகிற அளவுக்கு அதுவும் பெரிய நிறுவனம் என்பதுதான்.

சின்னக் கடைக்காரர் எங்கே வருகிறார்?

சங்கிலிக் கடைக்கு இறக்கிக் கொடுத்த விலையில் விட்டதைச் சப்ளையர் எங்காவது பிடிக்கத்தான் வேண்டும். ஒரே பொருளைச் சங்கிலிக்கு ஒரு விலை, தனிக் கடைக்கு ஒரு விலை என்று போடுகிறார்கள். தனிக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையைவிடச் சங்கிலிக் கடையில் சில்லறை விலை குறைவாக இருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் அங்கேயே போய் வாங்கிவந்து தன் கடையில் வைத்தால் லாபம் என்ற நிலை. இதை அமெரிக்கர்கள் ரொம்ப முன்னாலேயே பார்த்துவிட்டார்கள். 1930 வாக்கில் ஏ அண்ட் பி என்ற சங்கிலிக்கு 15,000க்கும் மேல் கடைகள் இருந்தன. அதற்குக் கிடைத்த தனிச் சலுகைகளைத் தடுக்கத்தான் 1936இல் ராபின்சன் - பாட்மன் சட்டம் வந்தது: போட்டியிடும் இரண்டு கடைகளுக்கு ஒரே சரக்கை நியாயமான காரணம் இல்லாமல் வேறு வேறு விலைக்கு விற்கக் கூடாது, தெரிந்தே அப்படி விற்கச் சொல்லி வாங்கவும் கூடாது. சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. இது விலையை ஏற்றும் சட்டம் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் கரித்துக்கொட்டியதால் அரசு வழக்குப் போடுவதையே விட்டுவிட்டது. 20 வருடத்துக்கு மேல் கழித்து 2024 டிசம்பரில் ஒரு மது விநியோக நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2025 ஜனவரியில் பெப்சிகோ மீது, ஒரு பெரிய சங்கிலிக்கு மட்டும் சலுகை தருகிறது என்று இன்னொன்று போட்டு, ஆட்சி மாறியதும் மே மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்தச் சட்டத்தின் மேல் எனக்கும் பெரிய காதல் இல்லை. அதிகம் வாங்குகிறவனுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பது வியாபாரத்தில் இயல்பு, எந்த வித்தியாசம் இயல்பு, எது மிரட்டி வாங்கியது என்று பிரித்துப் பார்ப்பது லேசில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத பிடித்தம் அந்த மாதிரிக் குழப்பமான விஷயம் இல்லை, அது கறுப்பா வெள்ளையா என்று ஒரு கணக்குப்பிள்ளை சொல்லிவிடலாம்.

அதனால்தான் நான் திரும்பத் திரும்பக் காகிதத்துக்கே வருகிறேன். 1974 ஜூன் 26 அன்று ஓஹையோவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூயிங்கம் பாக்கெட் ஒன்றின் பார்கோடை முதன்முதலாக எந்திரம் படித்தது. அதுவரை எந்தச் சரக்கு எங்கே ஓடுகிறது என்பதை உற்பத்தியாளர்கள்தான் ஆள் வைத்துத் தெரிந்துகொண்டு கடைக்காரருக்குச் சொல்வார்கள். பார்கோடு வந்த பிறகு அந்த அறிவு முழுவதும் கடைக்கு இடம் மாறியது. இன்று ஒரு சோப்புக்கட்டி எந்தக் கிளையில் எந்த நேரத்தில் எந்தத் தட்டிலிருந்து போனது என்பது கடைக்குத் தெரியும், அதைச் செய்தவருக்குத் தெரியாது; தெரிய வேண்டுமானால் சில சங்கிலிகளில் அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. பேரத்தில் ஒருவர் எல்லாச் சீட்டையும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் அதே கணினியில் கடை செய்த ஒவ்வொரு காரியமும் பதிந்து கிடக்கிறது. எந்தத் தேதியில் என்ன டெபிட் நோட், எந்த உட்பிரிவின் கீழ், பணம் எத்தனை நாள் கழித்துப் போனது, சரக்குக் குறைவு என்று கழித்த அன்று கிடங்குப் பதிவு என்ன சொல்கிறது, ஒரு சப்ளையர் கேள்வி கேட்ட பிறகு அவருடைய ஆர்டர் அளவு என்ன ஆனது, எல்லாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை சீக்கிரம் கெடும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், மற்ற விளைபொருள், உணவுப் பொருளுக்கு 60 நாள் என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்த வரம்பு மீறப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு விவசாயி வந்து கைகட்டி நின்று பெயரைச் சொல்ல வேண்டுமா? பில் தேதியையும் பணம் போன தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா? வருமான வரி அதிகாரி என் வாடிக்கையாளர்களின் கணக்கைப் புரட்டுவதற்கு யாருடைய புகாருக்கும் காத்திருப்பதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு சங்கிலியின் ஏதாவது ஒரு மாதத்துப் பிடித்தங்களை எடுத்து, ஒப்பந்தத்தோடும் கிடங்கு ரசீதோடும் ஒட்டிப் பார்க்கச் சொன்னால் ஒரு சின்னத் தணிக்கைக் குழுவே பார்த்துவிடும். எல்லா சப்ளையரின் வரிகளும் மொத்தமாக வருவதால் யார் வாய் திறந்தார் என்ற கேள்வியே எழாது.

உறவினரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படி வந்தா எங்க ஆபீஸ்ல ஏகப்பட்ட வேலை இருக்கும்" என்றார். எவ்வளவு வேலை என்று கேட்டதற்கு, பழைய டெபிட் நோட்களில் பாதிக்கு யார் எதற்காகப் போட்டது என்ற குறிப்பே கிடையாது என்றார்.